தெரியாதவர்கள் சங்கம்

திங்கட்கிழமை காலையில் தொலைபேசி அடித்தபோது அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். எடுத்தவர் கணவர். எடுத்த வேகத்தில் அதைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "உனக்குத்தான். யாரோ ஒட்டகமாம்," என்றார்.

ஒட்டகம் அவளோடு இசைக் கல்லூரியில் படித்தவன். எந்த வாசலிலும் குனியாமல் நுழைய முடியாத உயரம், அதற்கும் மேலே ஒரு கழுத்து. ஆளைவிடப் பெரிய வயலின்போல் இருக்கும் டபுள் பாஸ் வாத்தியத்தை முதுகில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறுவான். பார்த்தவர்கள் வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்? இப்போது சோபாவும் கட்டிலும் விற்கிறான். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. மெதுவாகப் பேசுவது என்று ஒன்று இருப்பதை அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை போலும்.

"வில்லி! சனிக்கிழமை மத்தியானம் என் கடைக்கு வந்துடு. கடைக்கு லீவு விட்டுட்டேன். ஜட்ஜம்மா வர்றா. தூங்குமூஞ்சியும் வர்றான், முழிச்சிருந்தா. சங்கம் கூடுது!"

"பாக்கலாம்டா."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? வந்து சேரு," என்று வைத்துவிட்டான்.

அவளை வில்லி என்று ஒருவர் கூப்பிட்டே வெகுகாலம் ஆகிவிட்டது. வயலின் வில்லைக் கையிலிருந்து கீழே வைக்காதவள் என்பதால் கல்லூரியில் வந்த பெயர். சிரிக்காத முகத்துக்கும் பொருந்திப்போனதால் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டதும் வாயில் பற்பசை நுரையோடு அவள் கண்ணாடி முன்னால் அசட்டுத்தனமாக நின்றாள்.

"போய்ட்டு வாயேன்," என்றார் கணவர்.

"போய் என்ன பண்ண?" என்று அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். கையிலிருந்த பிரஷ் தானாக ஆடியது.

"பல்லு விளக்கவாவது உதவுதே," என்றார் அவர். அந்த வீட்டில் அந்தக் கையைப் பற்றி அந்த ஒரு நகைச்சுவைக்குத்தான் அனுமதி. அதற்கு மேல் போனால் அவள் கண் கலங்கிவிடும், அவருக்கும்தான்.

விஷயம் இதுதான். அவளுடைய வலது கை நடுங்குகிறது. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் ஏதோ பரிசு கொடுப்பவர்போல் சிரித்துக்கொண்டே சொன்னார். தம்ளரைப் பிடிக்கலாம், விளிம்புவரை நிரப்பாமல் இருந்தால். கையெழுத்துப் போடலாம், வங்கிக்காரர்கள் பெரிய மனது வைத்தால். வயலின் வில்லை மட்டும் பிடிக்க முடியாது. பெரிய வாத்தியக் குழு ஒன்றில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாசித்து வந்தவள் அவள். எல்லோரும் ஓங்கி வாசிக்கும் இடங்களில் நடுக்கம் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு வாசிக்கும் மெல்லிய இடங்களில்தான் வம்பு. ஒரு நாள் குழுத் தலைவர் அவள் பக்கம் பார்த்தார். வெறும் பார்வைதான். அடுத்த மாதமே அவள் விலகிவிட்டாள்.

சிநேகிதர்களிடம் முதுகுவலி என்று சொல்லிவைத்தாள். உட்கார முடியவில்லை, போதும் என்று விட்டுவிட்டேன் என்றாள். பாவம் அந்த முதுகு, சும்மா இருந்ததற்குப் பழி சுமந்தது.

வயலின் பெட்டி அலமாரியின் தலைமேல் ஏறி இரண்டு வருடமாகிறது. கணவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சங்கீதத்தில் ஞானசூனியம். ஆனாலும் அவள் வாசித்த காலத்தில், பக்கத்து அறையில் ஏதாவது ஒரு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். வாசிப்பு முடியும்வரை அந்தக் கண்ணாடியின் அழுக்கும் போகாது. அவள் நிறுத்திய பிறகு ஒரு தரம்கூட 'ஏன் எடுக்கலை' என்று கேட்டதில்லை. வீட்டில் கண்ணாடி துடைப்பதையும் விட்டுவிட்டார்.

சங்கத்துக்குப் போவதா வேண்டாமா என்று அவள் மூன்று நாள் மனதைப் போட்டுக் குழப்பிக்கொண்டாள். பழைய கூட்டாளிகள். 'ஒரே ஒரு நிமிஷம் வாசி வில்லி' என்று எவனாவது ஆரம்பித்தால் தீர்ந்தது. கடைசியில் வியாழக்கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. அட, அந்தச் சங்கத்தில் வயலினைத் தொட அவளுக்கு உரிமையே கிடையாதே! அவளுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் இந்த உலகத்திலேயே இல்லை. போகலாம் என்று முடிவு செய்தாள்.

ஏன் உரிமை கிடையாது என்று சொல்ல வேண்டுமானால் கல்லூரிக்குப் போக வேண்டும்.

அது கல்லூரியா ஜெயிலா என்று சொல்வது கஷ்டம். நீளமான தாழ்வாரம், இரு பக்கமும் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், ஒரு வாத்தியம், ஒரு ஸ்டூல். காலையில் உள்ளே போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார்கள். வில்லியின் வாத்தியார் மனுஷர் மொத்தம் ஒரே வார்த்தைதான் பேசுவார்: "மறுபடியும்." நன்றாக வாசித்தாலும் மறுபடியும், சொதப்பினாலும் மறுபடியும். ராத்திரி தூக்கத்தில்கூட அவள் அந்தக் குரலுக்குப் பயந்து புரண்டு படுத்திருக்கிறாள். முதல் வருடம் முழுவதும் அவள் பல்லைக் கல்லூரியில் யாரும் பார்த்தது கிடையாது.

இரண்டாம் வருடம் ஒரு சனிக்கிழமை, வாத்தியங்கள் வைத்திருந்த கீழறையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. அரக்கப் பரக்க ஓடிவந்தவர்கள் யாருடையது எதுவென்று பார்க்காமல் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். கடைசி வகுப்பறையில் போய்ச் சேர்ந்தவர்கள் நாலு பேர். ஒட்டகத்தின் கையில் வில்லியின் வயலின். குழல் படிக்கும் பெண்ணின் முதுகில், எப்படித்தான் ஏற்றினாளோ, ஒட்டகத்தின் டபுள் பாஸ். பியானோ படிக்கும் பையன் எப்போதும் அரைத் தூக்கத்தில் இருப்பவன், அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அவன் அந்தப் பெண்ணின் குழலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்திருந்தான். வில்லி தூக்கி வந்தது யாரோ ஒரு மூத்த மாணவரின் டிராம்போன், அந்த நீட்டி மடக்கும் பித்தளைக் குழல்.

"என் வயலினைக் கீழ வைடா. தொட்டே, கொன்னுடுவேன்," என்றாள் வில்லி.

ஒட்டகம் அதைத் தாடைக்குக் கீழே வைத்தான். அந்தக் கழுத்துக்கு நடுவில் வயலின் இருக்கும் இடமே தெரியவில்லை. பிறகு வில்லைப் போட்டு இழுத்தான்.

எண்ணெய் போடாத கதவு ஒன்று தன் குடும்பக் கஷ்டத்தையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியதுபோல் இருந்தது. எல்லோரும் வில்லியைப் பார்த்தார்கள், கொலை விழப்போகிறது என்று. அவளோ வாயைத் திறந்தாள், மூடினாள், அப்புறம் வெடித்துச் சிரித்தாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, போதும் போதும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். அவள் பல்லை அன்றைக்குத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

"மறுபடியும்!" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

சங்கம் பிறந்த கதை அவ்வளவுதான். ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் கூடினார்கள். யாரும் தனக்குத் தெரிந்த வாத்தியத்தைத் தொடக்கூடாது என்பதுதான் ஆதாரச் சட்டம். பழகக்கூடாது என்பது அதைவிடப் பெரிய சட்டம். தப்பித்தவறி ஒரு வாத்தியம் கைவந்துவிட்டால் அதைப் பிடுங்கி வேறு கொடுத்துவிடுவார்கள். அங்கே 'நல்லா இருக்கு' என்பது வசவு. தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது குழல் படித்த பெண். இரண்டு விரலால் மேசையைத் தட்டித்தான் பேச ஆரம்பிப்பாள் என்பதால் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

வாசிப்பதற்கு ஸ்வரத்தாள் வேண்டுமே? எதிர்க் கட்டிடத்து மொட்டை மாடியில் ஒரு அம்மாள் துணி காயப்போடுவாள். அதுதான் தாள். காலுறை என்றால் ஒரு சொட்டு, சட்டை என்றால் ஒரு அசை, போர்வை என்றால் நீளமாக இழுக்க வேண்டும். காற்றடித்தால் வேகம் கூட்ட வேண்டும். சில வாரம் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை வரிசையாகத் தொங்கும், அன்றைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த அம்மாள் வந்து துணியை அள்ளிக்கொண்டு போனால் கச்சேரி முடிந்தது. ஒரு தரம் நடுவில் மழை வந்துவிட்டது. அவள் ஓடிவந்து கண்ட மேனிக்குப் பிடுங்கியதில் இவர்களும் கண்ட மேனிக்கு வாசித்துத் தீர்த்தார்கள். அந்த மாதிரி ஒரு முடிவு எந்த மேதைக்கும் தோன்றாது என்று தூங்குமூஞ்சி இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்தக் கூத்தில் வில்லிக்கு ஒரு சங்கடம் இருந்தது. மோசமாக வாசிப்பது அவளுக்கு மோசமாகத்தான் வந்தது. அதாவது, பொறுக்கவில்லை. டிராம்போன் அவள் கையில் எருமைபோல் கத்தியது. மற்றவர்கள் அதை ரசித்தார்கள். அவளுக்கு மட்டும் உள்ளுக்குள் அரித்தது. ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள், அப்புறம் விடுதியின் வெந்நீர்க் கொதிகலன் அறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய், அதன் அகன்ற வாய்க்குள் இரண்டு ஜோடி காலுறையைத் திணித்து, திருட்டுத்தனமாகப் பழகினாள். கல்லூரியில் மற்ற பிள்ளைகள் திருட்டுத்தனமாக என்னென்னவோ செய்துகொண்டிருந்த வயது அது. இவள் பழகினாள்!

சனிக்கிழமை வந்தது. டிராம்போன் எருமைபோல் கத்தவில்லை, கிட்டத்தட்டப் பாடியது. எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஜட்ஜம்மா எழுந்து வந்து அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உதட்டைச் சுற்றி, ஊதுவாய் அழுந்தியதில், வட்டமாக ஒரு சிவப்புத் தடம்.

"இது ஒரு நாளு ரெண்டு நாளு தடம் இல்ல," என்றாள். இரண்டு விரலால் மேசையைத் தட்டினாள். "எங்கடி பழகினே?"

"பழகலையே."

"பொய் வேற! இந்த வருஷம் முடியற வரைக்கும் உனக்கு டிரையாங்கிள்தான்."

டிரையாங்கிள் என்பது இரும்புக் கம்பியை முக்கோணமாக வளைத்தது, ஒரு சின்னக் கோலால் தட்டினால் டிங் என்னும். அதில் தேறுவதற்கு ஒன்றுமில்லை என்பது ஜட்ஜம்மாவின் எண்ணம். வில்லி முதலில் முறைத்தாள். பிறகு அந்த டிங்கோடு உட்கார்ந்து, எதிர் மாடித் துணிகளைப் பார்த்து, தன் முறை வரும்போது தட்டினாள். தப்பான இடத்தில் தட்டினாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாரம் முழுக்க வாத்தியார் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், யாரும் பார்க்காத ஒரு மத்தியானம் கிடைத்தது. அது எவ்வளவு பெரிய சுகம் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை. பிற்பாடு பெரிய பெரிய அரங்குகளில், விறைத்த கழுத்துப்பட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த வகுப்பறையும் தூசி வாசனையும் ஒட்டகத்தின் கதவுக் கீல் சத்தமும் நினைவுக்கு வரும். அந்தச் சனிக்கிழமைகளுக்காக அவள் ஏங்கினாள். வெளியில் சொன்னதில்லை.

படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையில் போனார்கள். அப்புறம் கல்யாணம், பிள்ளை குட்டி, வீடு மாற்றுவது என்று காலம் ஓடியே போய்விட்டது.

சனிக்கிழமை கணவர் அவளைக் கடை வாசலில் இறக்கிவிட்டார்.

"முடிஞ்சதும் கூப்பிடு, வர்றேன்."

"சும்மா பேசிட்டு வந்துடுவேன். ரொம்ப நேரம் ஆகாது."

கடையின் இரும்பு ஷட்டரைப் பாதிக்கு இறக்கியிருந்தார்கள், வாடிக்கையாளர் யாரும் நுழைந்துவிடாமல். அவள் குனிந்து உள்ளே போனாள். உள்ளே மரமும் பாலிஷும் மணத்தன. வரிசையாகப் பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாக்கள், உட்கார்ந்தால் நொறுக்குத் தீனி தின்பதுபோல் சத்தம். ஜட்ஜம்மாவுக்குத் தலை பஞ்சாக வெளுத்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை; அந்தப் பிள்ளைகளை நினைத்து வில்லி பரிதாபப்பட்டாள். தூங்குமூஞ்சி ஓட்டல் வரவேற்பறையில் பியானோ வாசிக்கிறானாம்.

"நீ வாசிக்கறப்ப கேக்கறவங்க தூங்குவாங்களா, நீ தூங்குவியாடா?" என்று கேட்டாள் வில்லி.

"யாரு முதல்ல தூங்கறாங்கன்னு பாத்துத்தான் சம்பளம்," என்றான் அவன்.

"முதுகு எப்படிடி இருக்கு?" என்று ஜட்ஜம்மா கேட்டாள்.

"பரவாயில்ல," என்று முதுகை லேசாகப் பிடித்துக்காட்டினாள் வில்லி. நாற்காலியில் சாய்மானமாகத் தலையணை ஒன்றை ஒட்டகம் ஓடிப்போய் வைத்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஒட்டகம் ஒரு பெட்டியைத் திறந்து வயலினை எடுத்தான். படிப்பு முடிந்த வருடமே விலைக்கு வாங்கினானாம்.

"இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட பழகினது இல்ல. சத்தியமா. வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பேன், தொடைப்பேன், ஒரு இழுப்பு இழுப்பேன், வெச்சிடுவேன். என் பொண்ணு கேட்டா, என்னப்பா, உனக்கு ஒரு வாத்தியார் வெக்கட்டுமான்னு. அம்மாடி, தயவுசெஞ்சு வேண்டாம்னுட்டேன்."

இழுத்துக் காட்டினான். அதே கதவு, அதே குடும்பக் கஷ்டம்! ஒரு மயிரிழைகூட முன்னேற்றம் இல்லை. ஜட்ஜம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தூங்குமூஞ்சி எழுந்து நின்று கைதட்டினான். வில்லியும் சேர்ந்து சிரித்தாள். வயலினின் மர வாசனை அந்தத் தூரத்திலும் அவளுக்கு எட்டியது. அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

டபுள் பாஸ் ஜட்ஜம்மாவுக்குப் போனது, குழல் தூங்குமூஞ்சிக்கு. வில்லியின் மடியில் ஒரு டிரையாங்கிள் வந்து விழுந்தது.

"பழைய தண்டனை நீ முழுசா கழிக்கல," என்றாள் ஜட்ஜம்மா. "கடைசி வாரம் காய்ச்சல்னு மட்டம் போட்டே. எனக்கு ஞாபகம் இருக்கு."

"ஸ்வரத்தாள்?" என்று கேட்டான் தூங்குமூஞ்சி.

ஒட்டகம் ஷட்டரை இன்னும் கீழே இறக்கிவிட்டு அதைக் காட்டினான். அதன் அடியில் ஒரு முழ இடைவெளி, அதன் வழியே நடைபாதை. போகிறவர்கள் வருகிறவர்களின் கால் மட்டும் தெரிந்தது. "கால்தான் தாள். நடந்தா அந்த வேகத்துல. ஓடினா ஓட்டம். சக்கரம் போச்சுன்னா சறுக்கணும். யாராவது நின்னுட்டா அந்த ஸ்வரத்தை அப்படியே பிடிச்சு வெச்சிருக்கணும், அவங்க நகர்ற வரைக்கும் விடக்கூடாது."

சட்டம் ஏகமனதாக நிறைவேறியது. ஆரம்பித்தார்கள். குதிகால் செருப்பு ஒன்று டொக் டொக்கென்று போனது, ஜட்ஜம்மா அந்தப் பெரிய கம்பிகளில் வில்லை வெட்டி வெட்டி இழுத்தாள். குழந்தை வண்டி உருண்டது, ஒட்டகம் சறுக்கினான். ஒரு நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போனது. அதற்கு யார் வாசிப்பது என்று தெரியாமல் நாலு பேரும் வாசித்துவிட்டார்கள். பிறகு யாரோ ஒருவர் ஓடினார். அது வில்லியின் முறை. அவள் கோலை முக்கோணத்துக்குள் கொண்டுபோனாள். தட்டினாள்.

டிங் என்று ஒன்று வர வேண்டிய இடத்தில், மணிமாலையை உதறியதுபோல் கிணிகிணிகிணியென்று ஒரு சரம் கிளம்பியது. ஒரே சீராக, பட்டுப்போல. அவள் கை அதன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கோல் இரண்டு கம்பிக்கும் நடுவில் பறந்தது. ஓடியவர் போய்விட்டார். சரம் நிற்கவில்லை. அவள் கோலைப் பிடுங்குவதுபோல் இழுத்து மடியில் வைத்தாள்.

வாசிப்பு நின்றுபோனது.

"அடிப்பாவி," என்றான் ஒட்டகம் வாயைப் பிளந்துகொண்டு. "நல்லா இருக்கே!"

ஜட்ஜம்மா டபுள் பாஸைச் சோபாமேல் சாய்த்தாள். பக்கத்திலிருந்த மேசையை இரண்டு விரலால் தட்டினாள்.

"இந்த மாதிரி உருட்டு வாசிக்க மாசக்கணக்குல பழகணும். எங்கடி பழகினே?"

"பழகல."

"அன்னைக்கும் இதைத்தான் சொன்னே. டிரையாங்கிளைக்கூட விட்டு வைக்க மாட்டியா நீ? உனக்கு மானம் ரோஷம் எதாவது இருக்கா?"

மற்ற இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வில்லியும் சிரிக்கப் பார்த்தாள். சிரித்துவிட்டு, ஆமாம் பழகினேன், தண்டனை கொடுங்கள் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பாள். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவளும் அப்படித்தான் சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் 'நல்லா இருக்கே' என்று ஒட்டகம் சொன்னது காதிலேயே நின்றது. அவள் வாழ்க்கையைக் கெடுத்த நடுக்கத்தைப் பார்த்து ஒருவன் வாயைப் பிளக்கிறான்! அந்தப் பாராட்டை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போக அவளால் முடியவில்லை.

"பழகல," என்றாள் மறுபடி. "கை நடுங்குது."

யாருக்கும் புரியவில்லை. அவள் கையை நீட்டிக் காட்டினாள். அது ஆடியது.

"முதுகெல்லாம் ஒண்ணுமில்ல. இதுதான். ரெண்டு வருஷமா வயலினைத் தொடல."

ஒட்டகம் தலையணையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தூங்குமூஞ்சி அன்றைக்கு முதல் தடவையாக முழுசாக விழித்திருந்தான். ஜட்ஜம்மா எழுந்து வர அடியெடுத்தாள், கட்டிப்பிடித்து அழ வைத்துவிடுவாள் என்று வில்லிக்குத் தெரியும். அதற்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லப்போவது என்னவென்று அவளுக்கே அந்த நொடிவரை தெரியாது.

"எனக்கு டிரையாங்கிள் வேண்டாம். வயலின் வேணும்."

"அது எப்படி?" என்றான் ஒட்டகம். பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது. "நீ வயலின்காரி. சட்டப்படி நீ தொடக்கூடாது."

"இப்ப வயலின்காரி இல்ல. எனக்கு வாசிக்கத் தெரியாது."

"வில்லி, வேண்டாம்டி," என்றாள் ஜட்ஜம்மா தணிந்த குரலில்.

"நீதானே ஜட்ஜு? நிரூபிக்கிறேன். கேட்டுட்டுச் சொல்லு."

ஒட்டகம் கொடுத்தான். அவள் அதைத் தோளில் வைத்தாள். தாடை தன் இடத்தைத் தானே கண்டுபிடித்தது. இடது கை விரல்கள் கம்பிமேல் போய், இரண்டு வருடம் என்ன இரண்டு வருடம் என்பதுபோல், அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்தன. வலது கை வில்லைத் தூக்கியது. வில் கம்பியில் பட்டதும் குதித்தது. அவள் அழுத்தினாள், கரகரத்தது. தளர்த்தினாள், துள்ளியது. ஒரே ஒரு நீண்ட ஸ்வரத்தை வாசிக்கப் பார்த்தாள், அது துண்டு துண்டாக, பல் நடுங்கும் ஆள் பேசுவதுபோல் வந்தது. ஊரறிய, உலகறிய வாசித்த கை. ஒளித்து வைத்ததையெல்லாம் மூன்று பேர் முன்னால் கொட்டியாயிற்று. அவள் நிறுத்தவில்லை. வில்லின் நுனிவரை இழுத்து முடித்துவிட்டுத்தான் கையை இறக்கினாள்.

ஜட்ஜம்மா மூக்கை உறிஞ்சினாள். குரலைச் சரிசெய்துகொண்டாள். இரண்டு விரலால் மேசையைத் தட்டினாள்.

"தெரியல," என்றாள். "இவளுக்கு வயலின் வாசிக்கத் தெரியல. வாத்தியம் இனிமே இவளோடது."

"அப்ப நானு?" என்றான் ஒட்டகம். "எத்தனை வருஷமா பழகாம காப்பாத்தி வெச்சிருக்கேன்!"

"உனக்கு டிரையாங்கிள்."

"இது அநியாயம்," என்று சொல்லிக்கொண்டே அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு அந்த முக்கோணத்தை எடுத்துத் தன் ஆட்காட்டி விரலில் மாட்டினான். அவன் கையில் அது காதுத் தோடு அளவுக்குத்தான் இருந்தது.

மறுபடி ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடப் பை ஒன்று தரையில் இழுபட்டுப் போனது. கைத்தடி ஒன்று தட்டிக்கொண்டு போனது. வில்லி வாசித்தாள். கரகரத்தது, துள்ளியது, வழுக்கியது. பக்கத்தில் குழல் வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது, பாஸ் எங்கோ உறுமிக்கொண்டிருந்தது. யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. இத்தனை நாள் எதைத் தன்னிடமிருந்து யாரோ பறித்துக்கொண்டதாக நினைத்தாளோ, அது தோளில் இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் இன்னும் மோசமாக வந்தது.

அப்போது இடது பக்கத்திலிருந்து ஒரு ஜோடி பழுப்பு நிற ஷூக்கள் வந்தன. சாவகாசமான நடை. ஒன்றில் பழுப்பு நாடா, இன்னொன்றில் கறுப்பு நாடா. போன வாரம் ஒரு நாடா அறுந்துபோனதற்கு அவள்தான் கைக்குக் கிடைத்த கறுப்பை எடுத்துக் கோத்துக் கொடுத்திருந்தாள். அவள் இன்னும் கூப்பிடவே இல்லை. அவராகவே கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டார்போல.

ஷூக்கள் ஷட்டருக்கு நேரே வந்தன. ஒரு கால் முன்னால் வைத்தபடி அப்படியே நின்றன.

நின்றால் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நாலு பேரும் பிடித்தார்கள். டிரையாங்கிளின் ஒலி தேய்ந்து மறைந்தது. தூங்குமூஞ்சிக்கு மூச்சு முடிந்து குழல் இறங்கியது. ஜட்ஜம்மா வில்லியின் முகத்தைப் பார்த்தாள், ஷட்டரின் அடியைப் பார்த்தாள், பிறகு தன் வில்லைச் சத்தமில்லாமல் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள்.

வயலின் மட்டும் மிஞ்சியது. வில் நுனிக்குப் போனது, திரும்பியது, அடிக்கு வந்தது, மறுபடி திரும்பியது. நடுங்கிய ஒரே ஸ்வரம் சோபாக்களுக்கு மேலே போய், ஷட்டருக்கு அடியில் நுழைந்து, வெளியே தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஷூக்கள் அசையவில்லை. முன்னால் வைத்திருந்த கால் மட்டும் மெல்லப் பின்னால் வந்து மற்றதோடு சேர்ந்துகொண்டது.

ஒட்டகம் தன்னால் முடிந்த அளவு மெதுவாக, அதாவது கடை முழுக்கக் கேட்கும்படி, குசுகுசுத்தான். "யாருடி அந்த ஆளு? நகர மாட்டேங்கறானே!"

"என் வீட்டுக்காரர்," என்றாள் வில்லி, வில்லை நிறுத்தாமல். "இன்னும் கொஞ்ச நேரம் நிப்பாரு."